கொடுத்தால் மனம் நிறையுமா? பண்டிகைக் காலத்துக்கு ஓர் எளிய விளக்கம்

பண்டிகை நெருங்கினால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். 'கொடுத்துப் பாருங்கள், அதில் கிடைக்கும் சந்தோஷமே தனி' என்பது ஒன்று. 'வாங்கி வாங்கிக் கொடுத்தே ஓய்ந்துபோனேன், எப்போதடா முடியும் என்றிருக்கிறது' என்பது இன்னொன்று. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டையும் சொல்வதும் உண்டு. முதலாவதை உபதேசம் என்றும் இரண்டாவதைச் சுயநலம் என்றும் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இரண்டுமே சரிதான். கொடுப்பது மனதை உயர்த்தும், ஆனால் சில நிபந்தனைகள் கூடிவந்தால்தான். அந்த நிபந்தனைகள் வருடத்திலேயே அதிகமாகக் கலைந்துபோவது பண்டிகை நாட்களில். அதனால் 'இன்னும் கொஞ்சம் கொடு' என்ற அறிவுரை பாதிப் பேருக்குப் பலிப்பதில்லை.

## மனநலம் என்றால் இங்கே எது?

உளவியலாளர் எட் டீனர் 1984இல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். இன்றும் பெரும்பாலான ஆய்வுகள் அதையே பின்பற்றுகின்றன. அதில் மூன்று அம்சங்கள்: நல்ல உணர்வுகள் அடிக்கடி வருவது, கசப்பான உணர்வுகள் குறைவாக வருவது, 'மொத்தத்தில் என் வாழ்க்கை பரவாயில்லை' என்று தோன்றுவது. மூன்றும் சேர்ந்ததை அகநலம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த மூன்றும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்குவதில்லை. பரிசைப் பிரித்த குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போது முதல் அம்சம் ஏறும். அடுத்த மாதம் கிரெடிட் கார்டு பில் வரும்போது இரண்டாவது கெடும். மூன்றாவது இரண்டையும் கண்டுகொள்ளாமல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். 'கொடுத்தால் சந்தோஷம்' என்று சொல்லும் ஆய்வுகளில் பல அளந்தது முதல் அம்சத்தை, அதுவும் சில நிமிடங்களுக்கோ ஒரு நாளுக்கோதான். பேச்சுவாக்கில் இது 'கொடுத்தால் வாழ்க்கையே மாறும்' என்று ஊதிவிடுகிறது. குழப்பத்தின் முதல் வேர் இதுதான்.

## ஒரே தூரம், இரண்டு நடை

வேலை முடிந்து, காற்றாட இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வருகிறார் ஒருவர். அதே சாலையில் அதே இரண்டு கிலோமீட்டரை இன்னொருவர் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதால் நடக்கிறார். கால்கள் செய்த வேலை ஒன்றுதான். வீடு வந்து சேரும்போது ஒருவர் தெளிவாக இருக்கிறார், மற்றவர் எரிச்சலில் இருக்கிறார். நடப்பது நல்லதா கெட்டதா என்று இவர்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. யார் தீர்மானித்த நடை, யாரோடு நடந்தது, போய்ச் சேர்ந்ததில் ஏதாவது பொருள் இருந்ததா என்பதைக் கேட்க வேண்டும்.

கொடுப்பதும் அப்படித்தான். தொகையும் பொருளும் ஒன்றாகவே இருக்கலாம், மனதில் விட்டுப்போவது வேறாக இருக்கும்.

## ஆய்வுகள் உண்மையில் என்ன காட்டின?

அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2008இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் நடத்தியது. 46 பேருக்குக் காலையில் ஒரு கவர் கொடுத்தார்கள். உள்ளே 5 டாலர் அல்லது 20 டாலர். மாலை 5 மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். பாதிப் பேர் தங்களுக்காக, மீதிப் பேர் இன்னொருவருக்காக. மாலையில் கேட்டபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. முடிவைச் சொல்லாமல் வேறு சிலரிடம் ஊகிக்கச் சொன்னபோது, பெரும்பாலானோர் நேர்மாறாகச் சொன்னார்கள்: 20 டாலரைத் தனக்கே செலவழிப்பவர்தான் அதிகம் மகிழ்வார் என்று.

46 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதனால் அதே குழுவினர் 2020இல், என்ன செய்யப்போகிறோம், எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 700க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து மீண்டும் சோதித்தார்கள். ஒரு பை நிறைய சின்னப் பொருட்களைத் தனக்கு வாங்கலாம் அல்லது மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு வாங்கலாம் என்ற ஏற்பாடு. குழந்தைக்கு வாங்கியவர்களின் மனநிலையே மேலாக இருந்தது. பழைய செலவுகளை வெறுமனே நினைவுகூரச் சொன்ன சோதனைகளில் பலன் மிகச் சிறியதாகவே தெரிந்தது. ஆக, விளைவு உண்டு. அது மிதமானது. நினைத்துப் பார்ப்பதைவிடச் செய்யும்போது தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு கண்டுபிடிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் கவனிக்க வேண்டியது. எந்த இன்பமும் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும். இதைப் பழகிப்போதல் என்பார்கள். 2019இல் எட் ஓபிரையன், சமந்தா காசிரர் இருவரும் ஐந்து நாள் தொடர்ந்து, நாளொன்றுக்கு 5 டாலர் கொடுத்து, தினமும் அதே விஷயத்துக்கே செலவழிக்கச் சொன்னார்கள். தனக்காகச் செலவழித்தவர்களின் மகிழ்ச்சி நாளுக்கு நாள் இறங்கியது. பிறருக்குக் கொடுத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. கொடுப்பதன் சுவை மெதுவாகவே மங்குகிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: கொடுப்பது மனநிலையைக் கொஞ்சம் உயர்த்துகிறது, தொகையின் அளவு அவ்வளவு முக்கியமில்லை, நாம் முன்கூட்டி ஊகிப்பது தவறாகப் போகிறது.

## மூளைக்குள் நடப்பது

பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி, கொடுப்பவருக்குக் கொடுப்பதிலேயே கிடைக்கும் தனி இதத்தை 'வார்ம் குளோ' என்று அழைத்தார். வாங்கியவருக்கு நன்மை நடந்ததில் வரும் திருப்தி வேறு, 'நான் கொடுத்தேன்' என்பதில் வரும் இந்தக் கதகதப்பு வேறு.

2007இல் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். 19 பெண்களுக்குத் தலா 100 டாலர். மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேனருக்குள் படுத்திருக்கும்போதே அந்தப் பணத்திலிருந்து உணவு வங்கிக்குச் சில முறை வரி போலத் தானாகவே பிடிக்கப்பட்டது. சில முறை 'கொடுக்கிறீர்களா?' என்று கேட்கப்பட்டது. தின்பண்டமோ பணமோ கிடைக்கும்போது சுறுசுறுப்பாகும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதி, தானாகப் பிடித்தபோதும் இயங்கியது. தானே கொடுத்தபோது கூடுதலாக இயங்கியது. அந்தக் கூடுதல்தான் விஷயம். விருப்பம் என்பது பண்பாட்டு அலங்காரமல்ல, பலனின் ஒரு பங்கே அதில்தான் இருக்கிறது.

'கொடுத்தால் டோபமைன் (மூளையில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்) பொங்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகத்தையும் இங்கேயே ஓரங்கட்டிவிடலாம். இந்த வகை ஸ்கேனர் அளப்பது ரத்த ஓட்டத்தின் மாற்றத்தைத்தான், டோபமைனை அல்ல.

## பலன் தரும் மூன்று நிபந்தனைகள்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள், மனிதருக்குப் பசி தாகம் போலவே மூன்று உளத் தேவைகள் உண்டு என்றார்கள்: தன் செயலைத் தானே தீர்மானிப்பது, தன்னால் ஏதாவது ஆகிறது என்று உணர்வது, பிறரோடு ஒட்டியிருப்பது. கொடுக்கும் செயலில் இவை மூன்றும் நிறைவேறினால் மனம் நிறைகிறது.

விருப்பத்தைப் பற்றி மேலே பார்த்தாயிற்று. ஒட்டுதலுக்கு ஒரு சோதனை: 10 டாலர் மதிப்புள்ள காபிக் கடைப் பரிசு அட்டையைச் சிலரிடம் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இன்னொரு பகுதியினர் கொடுத்துவிட்டு அவரோடு கடைக்கும் போக வேண்டும். வேறு சிலர் தனக்கே செலவழிக்க வேண்டும். நாள் முடிவில் அதிகம் மகிழ்ந்தவர்கள், கொடுத்துவிட்டுக் கூடவும் போனவர்கள். அட்டையின் மதிப்பு எல்லாருக்கும் ஒன்றே.

விளைவு கண்ணில் படுவது மூன்றாவது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் சிலருக்கு யுனிசெஃப் அமைப்புக்கும், சிலருக்கு 'ஸ்ப்ரெட் த நெட்' என்ற அமைப்புக்கும் நன்கொடை தரும் வாய்ப்பு கிடைத்தது. யுனிசெஃப் செய்யும் வேலை மிகப் பெரியது, அதனாலேயே 'என் பணம் எதற்குப் போனது' என்பது மங்கலாக இருந்தது. மற்றதில் 10 டாலருக்கு ஒரு கொசுவலை, மலேரியாவிலிருந்து பாதுகாப்பு என்று கணக்கு கண்முன் நின்றது. கொடுத்த தொகை கூடக் கூட மகிழ்ச்சியும் கூடியது கொசுவலைக்குக் கொடுத்தவர்களிடம்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. கண்ணில் படும் விளைவு கொடுப்பவரின் மனதுக்கு இதம். அதுவே சிறந்த தொண்டு என்று பொருளாகாது. அழகான புகைப்படம் அனுப்பும் அமைப்பைவிட, புகைப்படமே அனுப்பாமல் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் அமைப்பு நன்றாக வேலை செய்யலாம். எங்கே கொடுப்பது என்பதைக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு 'இந்தத் தொகையில் என்ன நடக்கும்?' என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

## பண்டிகை இவற்றை எப்படிக் கலைக்கிறது?

விருப்பம்தான் முதலில் போகிறது. போன முறை அவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டார்கள், இந்த முறை நாம் குறைத்துக் கொடுக்க முடியாது. கொடுக்கும் கடமை, வாங்கிக்கொள்ளும் கடமை, திருப்பிச் செய்யும் கடமை என்ற மூன்று கண்ணிகளால் பரிசு மனிதர்களைப் பிணைக்கிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இலேயே எழுதிவிட்டார். இந்தப் பிணைப்பு கெட்டதல்ல, உறவுகள் நிலைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இரண்டு பக்கமும் 'அவர்கள் எதிர்பார்ப்பார்கள்' என்றே நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் உள்ளுக்குள் சலித்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தொடரும் பரிசுச் சங்கிலிகள் நிறைய உண்டு.

அடுத்து ஒட்டுதல். இருபது பேருக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டு, டெலிவரி நேரடியாக அவர்கள் வீட்டுக்கே போய்விட்டால், கொடுத்தவருக்கு மிஞ்சுவது இருபது குறுஞ்செய்திகள். கொடுத்தல் நடந்திருக்கிறது, சந்திப்பு நடக்கவில்லை. டிம் காஸரும் கென்னன் ஷெல்டனும் 2002இல் 117 பேரிடம் கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று கேட்டார்கள். குடும்பத்தோடு கழித்த நேரமும் வழிபாடும் முன்னால் நின்றவர்களுக்கு நாட்கள் நன்றாகப் போயிருந்தன. செலவழிப்பதும் பரிசு பெறுவதும் முன்னால் நின்றவர்களுக்கு அப்படியில்லை.

விளைவு என்ற மூன்றாவது, அவசரத்தில் தொலைகிறது. ஒரே வாரத்தில் ஆறு இடத்துக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தால் எதுவும் மனதில் நிற்காது.

இன்னும் ஒரு கோளாறு உண்டு, அதைத் தியாகம் என்று பாராட்டிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. தன் தேவை எதையும் கணக்கில் எடுக்காமல் பிறருக்கே ஓடிக்கொண்டிருப்பதை விக்கி ஹெல்கசன் போன்ற உளவியலாளர்கள் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். இதை 'தன்னை மறந்த அக்கறை' என்று சொல்லலாம். சாதாரண அக்கறை நலத்தோடு சேர்ந்து போகிறது, இதுவோ மன உளைச்சலோடு சேர்ந்து போகிறது. அடையாளம் எளிது: 'முடியாது' என்று சொன்னபின் குற்றவுணர்வில் தூக்கம் வராது, உதவி கேட்கவே வராது, யாருக்கும் ஒன்றும் செய்யாத நாளில் தான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றும். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தால், அவரிடம் 'உங்கள் கை ராசி' என்று புகழ்வதைவிட ஒரு வேலையைப் பிடுங்கிக்கொள்வது மேல்.

சுருக்கம்: பண்டிகையில் கொடுக்கும் அளவு கூடுகிறது, கொடுப்பதைப் பலிக்கவைக்கும் மூன்றும் குறைகின்றன. களைப்புக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

## சரிசெய்ய என்ன செய்யலாம்?

பண்டிகைக்கு ஐந்தாறு வாரம் முன்பே ஒரு தாளில் தொடங்குங்கள். முதலில் மொத்தத் தொகை, அப்புறம்தான் பெயர்கள். பலரும் பெயர்களை எழுதிவிட்டுத் தொகையைக் கூட்டுகிறார்கள், அப்படிச் செய்தால் கூட்டுத்தொகை எப்போதும் கைமீறும். அடுத்த மாத வாடகை, தவணை, மருந்து எதையும் தொடாமல், கடன் வாங்காமல் எடுக்கக்கூடியதுதான் மொத்தம். அதில் பத்தில் ஒரு பங்கைப் பெயரில்லாமல் ஒதுக்குங்கள். எதிர்பாராமல் வருபவருக்கும், வழியில் கேட்பவருக்கும் அது. ஒதுக்கி வைத்த பணம் கையில் இருந்தால் கொடுக்கும்போது கை கூசாது.

பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. விருப்பத்துக்கு 'வி', கடமைக்கு 'க', வெறும் பழக்கத்துக்கு 'ப'. 'வி' என்பவர்களுக்குத் தொகையைவிட நேரத்தைக் கூட்டுங்கள், நேரில் போய்க் கொடுங்கள். 'க' என்பவர்களை விட முடியாது. ஆனால் என்ன, எப்போது, எப்படி என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். அந்தச் சின்னத் தீர்மானமே செயலைக் கொஞ்சம் உங்களுடையதாக்கும். 'ப' என்பவர்களிடம் பேசிப் பாருங்கள். 'அக்கா, இந்தத் தடவை பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாமே. பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். நாம் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்' என்று சொன்னால், பல இடங்களில் மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சுதான் கேட்கும். இதை அவர்கள் வாங்கி முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் சொன்னால் மனக்கசப்பில் முடியும்.

நேரத்துக்கும் பட்ஜெட் வேண்டும். 'வந்து உதவுகிறேன்' என்பது முடிவில்லாத வாக்கு. 'காலை 9 முதல் 12 வரை இருப்பேன்' என்றால் இருவருக்கும் தெளிவு. அன்புச் செயல்களைச் சேர்த்துச் செய்வதும் பலன் தரலாம். சோனியா லியுபோமிர்ஸ்கியின் குழு, வாரத்துக்கு ஐந்து நற்செயல் என்று ஆறு வாரம் மாணவர்களைச் செய்யச் சொன்னபோது, ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களுக்கே மனநிலை உயர்ந்தது. ஏழு நாளில் சிதறினால் அவை அன்றாட வேலைகளோடு கலந்து காணாமல் போகின்றன.

நன்கொடை என்றால் ஆறு இடத்துக்குப் பதில் ஒன்றோ இரண்டோ போதும். பொருளாகக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு போன் பேசிவிடுங்கள். கேட்காமல் கொடுத்தால் வழக்கமாக நடப்பது இது: ஒரே பொருள் மலையாகக் குவியும், காலாவதித் தேதி நெருங்கிய பாக்கெட்டுகள் வரும், துவைக்காத துணி மூட்டைகளைப் பிரிக்க இரண்டு ஆள் தனியாகத் தேவைப்படும். முடிந்தால் தொகையில் பாதியை இப்போதும் மீதியை இரண்டு மாதம் கழித்தும் கொடுங்கள். பண்டிகை முடிந்ததும் வரத்து வற்றிப்போகும் இடங்களுக்கு அது உதவும்.

## வாங்கும் கை

பரிசு தேர்ந்தெடுக்கும்போது 'அவர்களே நினைத்துப் பார்த்திராத ஒன்று' என்று அலைகிறோம். ஃபிரான்செஸ்கா ஜினோ, பிரான்சிஸ் ஃப்ளின் ஆய்வு (2011) இதற்கு எதிராக நிற்கிறது: வாங்குபவர்கள், தாங்கள் கேட்டதையே கொடுத்தால் அதிகம் மகிழ்கிறார்கள். கொடுப்பவர்களோ இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'என்ன வேண்டும்?' என்று கேட்பது அன்புக் குறைவல்ல.

உதவி என்ற பெயரில் கொடுக்கும்போது இன்னும் கவனம் தேவை. உதவி வாங்குவது தன்மதிப்பைக் குத்தவும் செய்யும், முக்கியமாகத் திருப்பிச் செய்ய வழியே இல்லாதபோது. வரிசையில் நிற்கவைத்துப் புகைப்படம் எடுப்பதும், வீடியோ போடுவதும் அந்தக் குத்தலைப் பெரிதாக்கும். தனியாக, சத்தமில்லாமல், தேர்ந்தெடுக்கும் உரிமையோடு கொடுப்பதுதான் நாகரிகம். அவர்களிடமிருந்தும் ஏதாவது ஒன்றை, ஒரு யோசனையோ சின்ன ஒத்தாசையோ, வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது இன்னும் நல்லது.

## கொடுப்பது எதற்குப் போதாது?

தனிமை, அண்மையில் நேர்ந்த இழப்பு, கடன் இவற்றோடு பண்டிகையைக் கடப்பவர்களிடம் 'யாருக்காவது உதவு, சரியாகிவிடும்' என்பது அரைகுறை அறிவுரை. அதில் உண்மையும் கொஞ்சம் உண்டு. டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவென்ஸ் இருவரும் ஒஹாயோவில், மனச்சோர்வோ பதற்றமோ உள்ள 122 பேரை ஐந்து வாரம் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று நற்செயல். மற்றவர்களில் சிலருக்கு நண்பர்களோடு பொழுதுபோக்கு, சிலருக்குத் தங்கள் எதிர்மறை எண்ணங்களைக் குறிப்பெடுத்து மாற்றிப் பார்க்கும் பயிற்சி. மூன்று குழுவுமே தேறின. மற்றவர்களோடு ஒட்டியிருக்கிறோம் என்ற உணர்வு நற்செயல் குழுவில்தான் மற்ற இரண்டைவிட உயர்ந்தது. கவனிக்க வேண்டியது, செயல்கள் சின்னவை, வாரத்தில் இரண்டே நாள்.

பண்டிகை நாளில் மனம் கனப்பது நோயல்ல. ஆனால் நாளின் பெரும்பகுதி சோர்வோ எதிலும் நாட்டமில்லாமையோ, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமோ பசியோ வேலையோ கெட ஆரம்பித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். 'பண்டிகை முடியட்டும், வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் எதற்கு' என்று தள்ளிப்போட வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே யாரிடமாவது சொல்லி, உதவிக்கு அழைக்க வேண்டும்.